கனிவுத் துறைக்கு ஒரு புகார்

லிஃப்ட் மெக்கானிக்குக்குப் பாதி வேலை குறைகளைப் படிப்பதுதான். ஒவ்வொரு கட்டடத்திலும் காவலாளியின் மேசையில் ஒரு நோட்டு இருக்கும். அதில் "லிஃப்ட் சரியில்லை" என்று எழுதி, கீழே கோபமாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அதை வைத்துக்கொண்டு ஒரு திருகாணியைக்கூடக் கழற்ற முடியாது. எப்போதாவது ஒருவர், "நாலாவது மாடியில் கதவு மூடும்போது வலது பக்கம் தேய்கிறது, இரண்டு பேருக்கு மேல் ஏறினால் மட்டும்" என்று எழுதியிருப்பார். அந்த ஆளைத் தேடிப்போய் நன்றி சொல்லிவிட்டு வருவது மெக்கானிக்கின் வழக்கம். பதினெட்டு வருடத்தில் அப்படி நாலு பேரைத்தான் பார்த்திருந்தார்.

ஆகவே தாமே ஒரு குறையை எழுத வேண்டி வந்தபோது அவருக்குத் தயக்கமே இருக்கவில்லை. ஒழுங்காகக் குறை எழுதத் தெரிந்த ஐந்தாவது ஆள் தாம்தான் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

குறை, அவருடைய அம்மா விளையாடிய ஒரு வீடியோ கேமைப் பற்றியது. வீட்டில் அம்மாவும் அவரும் மட்டும். அம்மா முப்பத்தோரு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடை என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பார். சொல்லி வாயை மூடுவதற்குள் பத்துப் பேர் வந்து கண்ணாடியைத் தட்டி அதையே கேட்பார்கள். ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் பக்கவாதம் வந்தது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதில் மருத்துவமனை ஊழியர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. வலது கை மட்டும் மடியில் கிடந்த கிடையாகிவிட்டது. பிசியோதெரபிஸ்ட் பிசைவதற்கு ரப்பர் பந்து கொடுத்தார். அம்மா அதைக் கட்டிலுக்கு அடியில் உருட்டி விட்டுவிட்டார். எதையாவது விருப்பமாகச் செய்தால்தான் விரல் திரும்பும், ஏதாவது கேம் வாங்கிக் கொடுத்துப் பாருங்கள் என்றார் பிசியோதெரபிஸ்ட்.

அப்படி வந்ததுதான் 'அலைவணிகம்'. ஒரு கப்பல், ஏழு துறைமுகம், வழியில் கொள்ளையர்கள். கப்பலுக்குப் பெயர் வைக்கச் சொன்னபோது அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேக்கிறதில்ல' என்று வைத்தார். முதல் மாதம் ரிமோட்டை மடியில் வைத்து இடது கையால் குத்தினார். மூன்றாம் மாதம் வலது கட்டைவிரல் அசைந்தது. பதினோராவது மாதம் தானே தலைவாரிக்கொண்டார். கொள்ளையர்கள் வரும்போதெல்லாம் வீடு அதிர, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்து அவர்களுடைய பரம்பரையையே நடைமேடை வாரியாக இழுப்பார். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலை மூடிக்கொள்வார்கள்.

ஒருநாள் கேமுக்கு அப்டேட் வந்தது. மறுநாள் காலை அம்மா நாலாம் துறைமுகத்துக்குள் கப்பலை விட்டார். புதிதாக அங்கே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்தான். அவன் பதிவேட்டைத் திறந்தான். திரை வெள்ளையானது. பிறகு 'புதிய பயணத்துக்கு வரவேற்கிறோம்' என்று வந்தது. கப்பல் இல்லை, சரக்கு இல்லை, பதினொரு மாதம் இல்லை. அம்மா ரிமோட்டைக் கீழே வைத்தார். அடுத்த வாரம் பிசியோதெரபிஸ்ட் வந்து விரல்களை நீட்டிப் பார்த்தபோது அவை மறுபடி சுருள ஆரம்பித்திருந்தன.

மெக்கானிக் எழுதினார். அப்டேட் வந்த மறுநாள், காலை பத்து இருபது. நாலாம் துறைமுகம். கப்பலில் நாற்பது மூட்டை உப்பு. குமாஸ்தா பதிவேட்டைத் திறந்ததும் திரை வெள்ளையாகி, சேமித்த விளையாட்டு முழுவதும் அழிந்துவிட்டது. தயவுசெய்து பார்க்கவும். அவ்வளவுதான். அதில் ஒரு வசவு இல்லை, பெருமூச்சுகூட இல்லை.

பதினொரு நொடியில் பதில் வந்தது. அனுப்பியது அந்த நிறுவனத்தின் கனிவுத் துறை. 'தங்கள் மேலான கருத்தின் வெப்ப அளவு அறுபத்தொன்று. அனுமதிக்கப்பட்ட அளவு நாற்பது. எங்கள் படைப்பாளிகளும் மனிதர்களே. அவர்களுடைய மனம் காயப்படாத வகையில் திருத்தி அனுப்பவும்.' எந்தச் சொல் சூடானது என்றும் காட்டியிருந்தார்கள். 'அழிந்துவிட்டது' என்பது சிவப்பில் இருந்தது. அதற்குப் பதிலாக 'புதிதாகத் தொடங்கும் வாய்ப்பு அமைந்தது' என்று எழுதலாம் என ஆலோசனையும் இருந்தது.

அவர் திருத்தினார். ஐம்பத்தேழு வந்தது. மறுபடி திருத்தினார். திரை வெள்ளையானதைத் 'திரை தூய்மை அடைந்தது' என்று மாற்றினார். ஐம்பது. ஐந்தாவது தடவை நாற்பத்துநாலில் வந்து நின்றது, அதற்குக் கீழே இறங்க மறுத்தது. விசாரித்ததில் 'உப்பு' என்ற சொல் புண்ணில் படக்கூடியது என்றார்கள். உப்பைச் சர்க்கரையாக மாற்றினார். நாற்பத்தொன்று. ஒரு மாதம் போய்விட்டது. நேரில் வந்து பயிற்சி பெற்றால் மீதி ஒரு புள்ளியும் இறங்கும் என்று அழைப்பு வந்தது.

நிறுவனம் அதே ஊரில், ஒன்பது மாடிக் கட்டடத்தில் இருந்தது. அதில் ஆறு மாடி கனிவுத் துறை. வரவேற்பறையில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு செத்த எலி இருந்தது. பக்கத்தில் 'ரசிகர் படைப்பு' என்று அட்டை. தீப்பந்தம் என்ற பெயரில் எழுதும் ரசிகர் ஒருவர் அதைப் பெட்டியில் வைத்து, துறைமுகப் பகுதியைச் செய்த புரோகிராமருக்கு அனுப்பியிருந்தார். தம்முடைய கப்பல் கொடியின் நீலம் போன அப்டேட்டில் சற்று வெளுத்துவிட்டது என்பது அவர் வருத்தம். வீட்டு விலாசம் தெரியும், நாயோடு வருவேன் என்று துண்டுச்சீட்டும் வைத்திருந்தார். அவரைப் பின்தொடர நாலு லட்சம் பேர் இருந்தார்கள். இரண்டே நாளில் நீலம் சரியானது.

பயிற்சியில் எட்டுப் பேர். கற்பித்தவர் கனிவு அலுவலர். அவருடைய குரல் மிகவும் மெல்லியது. கேட்க வேண்டுமானால் எல்லாரும் முன்னால் குனிய வேண்டும். குனிந்தால் பணிவு தானாக வரும் என்பதற்காகவே அப்படிப் பேசிப் பழகியதாக அவர் சொன்னார்.

முதல் நாள் மெக்கானிக் கையைத் தூக்கி எலியைப் பற்றிக் கேட்டார். எலி அனுப்பியவருக்கு வெப்ப அளவு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள விரும்பினார்.

"அவர் திட்டலைங்க. தீவிரமா ஈடுபடுறார்," என்றார் அலுவலர். "நாலு லட்சம் பேர் பார்க்கிற ஒருத்தர் நமக்காக ஒரு எலியைத் தேடிப் பிடிச்சிருக்கார். அந்த உழைப்பைப் பாருங்க. நீங்க என்ன பண்ணீங்க? ஒரு ஓரமா உட்கார்ந்து பத்து இருபதுன்னு மணி எழுதியிருக்கீங்க. அது எவ்வளவு புண்படுத்தும்னு யோசிச்சீங்களா? மணியை எழுதினா, நடந்தது உண்மைன்னு ஆகிடுதில்ல?"

எல்லாரும் குனிந்து கேட்டுக் குறித்துக்கொண்டார்கள்.

ரசிகரின் கருத்து நிறுவனத்துக்குக் கிடைக்கும் பரிசு என்று அலுவலர் விளக்கினார். பரிசைக் கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்ப்பது நாகரிகமில்லை. அவர் போன பிறகு பிரிப்பது நம்பிக்கைத் துரோகம். எனவே நிறுவனம் எந்தக் கருத்தையும் இதுவரை பிரித்ததில்லை. இதைச் சொல்லும்போது அவருடைய கண் லேசாகக் கலங்கியது.

கருத்து ஏழு வாக்கியத்தில் இருக்க வேண்டும். மூன்று மலர், ஒரு முள், மறுபடி மூன்று மலர். முள்ளும் மலரின் நிறத்திலேயே இருந்தால் நல்லது. எட்டுப் பேரும் நாலு சனிக்கிழமை இதைப் பயின்றார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். கேமின் வரைபடத்தில் வடக்கும் தெற்கும் மாறியிருக்கிறது என்பது அவருடைய முள். மூன்றாம் வாரத்தில் அவர் அந்த வரைபடத்தை அவ்வளவு அழகாகப் பாராட்டியதில், வகுப்பு முடிந்து வெளியே போய் வீட்டுக்கு எதிர்த் திசையில் நடந்தார். மாலையில் அவருடைய மகள் வந்து தேடினாள். அலுவலர் அவரை முன்மாதிரி மாணவராக அறிவித்தார்.

கடைசியில் தேர்வு. ஒவ்வொருவரும் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டும். அலுவலர் தம் பூட்ஸ் காலை அவர்களுடைய பாதத்தின் மேல் வைத்து ஏறி நிற்பார். நின்றுகொண்டே, "உங்க கருத்து என்னங்க?" என்று மெல்லக் கேட்பார். ஏழு வாக்கியத்தில் பதில் சொல்ல வேண்டும்.

வகுப்பில் இருந்த நர்ஸ் ஒருவர் முதல் தடவையிலேயே தேறினார். அலுவலரின் பூட்ஸ் பளபளப்பு, அவருடைய நிமிர்ந்த நிலை, அவர் தேர்ந்தெடுத்த நேரம் என்று மூன்று மலர் வைத்தார். பாதத்தில் ஓர் அருகாமையை உணர்வதாக முள்ளை வைத்தார். மீதி மூன்று மலரைப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். மெக்கானிக்கோ முதல் தடவை, "காலை எடுங்க" என்றார். தோல்வி. அடுத்த வாரம் "கொஞ்சம் காலை எடுங்க" என்றார். முன்னேற்றம் உண்டு, ஆனால் தோல்விதான் என்றார்கள். மூன்றாவது தடவை ஏழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தார். அலுவலர் மெச்சிப்போய் இன்னொரு முறை சொல்லச் சொல்லி, இறங்காமலே கேட்டார். இரண்டு விரல் நகம் கறுத்தது.

சான்றிதழோடு போன கருத்துக்கு முப்பத்தெட்டு வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். இனி அது அறுபது நாள் ஆறும் அறையில் இருக்கும் என்றும், ஆறிய பிறகு யாருக்காவது காட்டலாமா என்று பரிசீலிப்போம் என்றும் தெரிவித்தார்கள்.

அம்மாவிடம் மெக்கானிக் இதையெல்லாம் விவரமாகச் சொல்லவில்லை. வேலை நடக்கிறது என்று மட்டும் சொன்னார். அம்மா தலையை வாரிவிடச் சொன்னார். சீப்பை அவரால் பிடிக்க முடியவில்லை.

அம்மாவின் கப்பல் அழிந்த எழுபத்தோராவது நாள் மெக்கானிக்கை அவருடைய கம்பெனியே அந்த ஒன்பது மாடிக் கட்டடத்துக்கு அனுப்பியது. லிஃப்டில் ஏதோ கோளாறு, யாரோ உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று காவலாளி போன் செய்திருந்தார். போனதும் வழக்கம்போல மெக்கானிக் நோட்டை எடுத்துப் பார்த்தார். மூன்று மாதக் குறிப்பு இருந்தது. 'இந்த லிஃப்ட் மேலே செல்லும் விதம் மனதுக்கு இதமானது. இதன் கண்ணாடி அழகு. இதன் பொத்தான்கள் தெளிவு. கீழே இறங்கும் ஆர்வம் இன்னும் சற்று மலரலாம். இதன் விளக்கு குளுமை.' பக்கம் பக்கமாக இப்படித்தான். எது தேய்கிறது, எது வழுக்குகிறது என்று ஒரு வரியில்லை. அவர் நோட்டை மூடிவிட்டு மேலே ஏறினார்.

பெட்டி ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பெண், முப்பது வயதிருக்கும், தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டரை மணி நேரமாக இருக்கிறாளாம். அபாய மணியை அடித்தால் அது கனிவுத் துறைக்குப் போகும். அவர்கள் பதில் சொன்னார்கள். முதலில் லிஃப்டைப் பற்றி மூன்று நல்ல விஷயம் சொல்லச் சொன்னார்கள். இரண்டுதான் தோன்றியது என்றாள் அவள்.

மெக்கானிக் கதவை விலக்கி அவளை மேலே இழுத்தார். அவள் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். தண்ணீர் கொடுத்தார். என்ன வேலை என்று பேச்சுக்குக் கேட்டார். துறைமுகப் பகுதியை எழுதுகிற புரோகிராமர் என்றாள்.

அவர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார்.

கட்டடத்தில் புரோகிராமர்கள் ஒன்பது பேர் இருந்தார்கள். அவர்களுடைய மனதைக் காக்க நூற்று நாற்பது பேர் இருந்தார்கள். எலி வந்தது இவளுக்குத்தான். பெட்டியைத் துறை இவளிடம் அப்படியே கொடுத்தது; திறந்து பார்த்த பிறகு நன்றிக் கடிதத்தில் இவளிடம் கையெழுத்து வாங்கியது. திட்டுகிறவர்கள் யாருக்கும் சான்றிதழ் தேவையில்லை, அவர்கள் நேராக இவளுடைய போனுக்கே வந்துவிடுவார்கள். பொறுமையாக எழுதுகிறவர்கள் ஆறும் அறையில் இருந்தார்கள். இவள் மேசைக்கு மாதாமாதம் வருவது ஒரே தாள்: ரசிகர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் பரவசம்.

"நாலாம் துறைமுகத்துல ஒரு கோளாறு," என்றார் மெக்கானிக். வாய் பழக்கத்தில் துறைமுகத்தின் அழகைப் பற்றி ஆரம்பிக்கப் போனது, நிறுத்திக்கொண்டார். "குமாஸ்தா பதிவேட்டைத் திறந்ததும் திரை வெள்ளையாகுது. சேமிச்சதெல்லாம் போயிடுது."

அவள் நிமிர்ந்தாள். "என்ன சரக்கு இருந்துச்சு?"

"நாற்பது மூட்டை உப்பு."

"அதில்ல. கப்பல் பேரு என்ன?"

சொன்னார். அவள் விரலை மடக்கி எழுத்துகளை எண்ணினாள். எண்ணி முடித்ததும் முகம் வெளுத்தது. அந்தக் குமாஸ்தாவின் பதிவேட்டில் பெயருக்கு இருபது எழுத்துதான் இடம். அதற்கு மேல் போனால் பக்கத்தில் இருப்பதை மிதித்துக்கொண்டு போய்விடும். "எவ்வளவு பேருக்கு ஆச்சோ தெரியலையே," என்றாள். "யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே." பிறகு, "சாயங்காலத்துக்குள்ள சரி பண்ணிடறேன்," என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். பழைய சேமிப்பெல்லாம் தொண்ணூறு நாள் வரை கிடங்கில் இருக்கும். அம்மாவின் கப்பல் இன்னும் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துக் கொடுக்கத் துறையின் கையெழுத்து வேண்டும். தன் கையில் இருப்பது கோளாறைச் சரிசெய்வது மட்டும்தான், அதைச் செய்துவிடுகிறேன் என்றாள். அவள் பெயரைக்கூட அவர் கேட்டுக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு என்ன வயது, எந்தக் கை என்று அவள்தான் எல்லாவற்றையும் கேட்டாள். படிக்கட்டில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தார்கள். பதினெட்டு வருடத்தில் அவ்வளவு நல்ல உரையாடலை மெக்கானிக் யாரோடும் நடத்தியதில்லை.

அன்று சாயங்காலமே அவள் கோளாறைச் சரிசெய்தாள். இரண்டு வாரத்தில் அது வெளியே தெரிந்துவிட்டது. தெரிந்துவிடாமல் இருக்க முடியாது; கொடியின் நீலத்தைத் தவிர, நிறுவனத்தில் ஒரு கோளாறு சரியாகி வருடக்கணக்காகியிருந்தது.

எண்பத்துநாலாம் நாள் மெக்கானிக்கை விசாரணைக்கு அழைத்தார்கள். நீள மேசை, ஏழு பேர், ஒவ்வொருவர் முன்னாலும் கண் துடைக்கும் காகிதப் பெட்டி. ஒரு ஓரத்தில் அந்தப் பெண் நின்றாள். உட்கார நாற்காலி போடவில்லை. நடுவில் கனிவு அலுவலர்.

"இந்தப் பொண்ணு உங்க குறையைக் காது கொடுத்துக் கேட்டிருக்கு," என்றார் அலுவலர். எல்லாரும் குனிந்தார்கள். "கேட்டதோட நிக்கல. புரிஞ்சுக்கிட்டிருக்கு. அதோடயாவது விட்டிருக்கலாம். சரியும் பண்ணிடுச்சு. ஆறாத கருத்து, சூட்டோட சூடா மனசுல பட்டிருக்கு. அந்த மனசைக் காப்பாத்தத்தானே நாங்க நூற்று நாற்பது பேர் ராப்பகலா உழைக்கிறோம்? எங்களைத் தாண்டிப் போயிருக்கே. நாளைக்கு எல்லாரும் இப்படிச் சரி பண்ண ஆரம்பிச்சா என்ன ஆகும்? குறை சொல்ல ஆள் இருக்காது. குறை இல்லேன்னா கருத்து எங்க இருந்து வரும்? கருத்து இல்லேன்னா கனிவுக்கு என்ன வேலை?"

பக்கத்திலிருந்த ஒருவர் காகிதத்தை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் வலியப் போய்க் குறை கேட்டாள் என்று மெக்கானிக் எழுதித் தர வேண்டும் என்றார்கள். தந்தால் அவருடைய கருத்து இன்றே ஆறியதாகக் கொள்ளப்படும். அம்மாவின் கப்பல் நாலு நாளில் வீட்டுக்கு வந்துவிடும். தராவிட்டால் ஒன்றுமில்லை, அவசரமே இல்லை, அறுபது நாளும் கழியட்டும் என்று அன்போடு சொன்னார்கள். தாளும் பேனாவும் முன்னால் வந்தன.

மெக்கானிக் தாளைப் பார்த்தார். அவளைப் பார்க்க முடியவில்லை. அம்மாவின் விரல்கள் போன வாரம் உள்ளங்கையைத் தொட்டுவிட்டதை நினைத்தார். அதற்குப் பிறகு வேறெதையும் நினைக்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டார்.

"இன்னைக்கு எத்தனாவது நாள்?" என்று அவள் கேட்டாள்.

"எண்பத்துநாலு," என்றார் அவர், தாளைப் பார்த்தபடியே.

அவள் தலையசைத்தாள். அவ்வளவுதான்.

அவர் எழுதினார். அவளுடைய திறமை, பொறுமை, அக்கறை என்று மூன்று மலர். 'நான் கேட்காமலே அவர் என் குறையைக் கேட்டார்' என்று ஒரு முள். அவளுடைய எதிர்காலம், உடல்நலம், குடும்பம் ஆகியவற்றுக்கு வாழ்த்தாக மீதி மூன்று. ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை. நாலு சனிக்கிழமைப் பயிற்சி வீண்போகவில்லை. அளந்து பார்த்தார்கள். வெப்பம் ஒன்பது. துறை ஆரம்பித்த நாளிலிருந்து அவ்வளவு குளிர்ந்த தாளை யாரும் எழுதியதில்லை. ஏழு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். விதிப்படி பணியாளர்களும் தட்ட வேண்டும் என்பதால் அவளும் தட்டினாள். பிறகு அவளுடைய அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

லிஃப்ட் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. அவள் எட்டு மாடியும் படியில் இறங்கிப் போனாள்.

சொன்னபடி நாலாம் நாள் கப்பல் வந்தது. கூடவே பட்டுத் துணியில் சுற்றி ஒரு பரிசும் வந்தது. கருங்கல் பீடத்தின் மேல் பித்தளையில் ஒரு காது. 'ஆண்டின் கனிவான ரசிகர்' என்று கீழே பொறித்திருந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். மெக்கானிக் அதை அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில், மருந்து வைக்கும் மேசையில் வைத்தார். வேறு இடம் தோன்றவில்லை.

'எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேக்கிறதில்ல' திரையில் தோன்றியதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி ரிமோட்டின் மேல் வைத்தார். மூன்று நாள் விளையாடினார். இரண்டாம் நாள் கொள்ளையர்கள் வந்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னல் மூடும் சத்தம் கேட்டது. மெக்கானிக் சமையலறையில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே முகத்தைக் கழுவினார். செய்தது சரிதான் என்று அந்த ஒரு நாள் அவருக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் அம்மா நாலாம் துறைமுகத்துக்குள் கப்பலை விட்டார். கோளாறுதான் சரியாகிவிட்டதே என்று மெக்கானிக் பக்கத்திலேயே நின்று பார்த்தார். குமாஸ்தா பதிவேட்டைத் திறந்தான். திரை வெள்ளையானது.

துறைக்குப் போன் செய்தபோது அலுவலரே பேசினார். அந்தப் பெண் செய்த திருத்தம் ஆறாத கருத்திலிருந்து பிறந்தது. அதை உரிய மரியாதையோடு விலக்கிக்கொண்டோம் என்றார். கிடங்கிலிருந்து சேமிப்பை ஒரு முறைதான் எடுக்க முடியும், அதை எடுத்தாகிவிட்டது. மற்றபடி அவர் விரும்பினால் புதிதாக ஒரு கருத்தை அனுப்பலாம். அவரைப் போன்ற ஒருவருக்கு வகுப்பு தேவைப்படாது.

அம்மா போன் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். எந்தப் பெண் என்று கேட்டார். மெக்கானிக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதலிலிருந்து சொன்னார். லிஃப்ட், படிக்கட்டு, விசாரணை, தாள், கைதட்டல் எதையும் விடவில்லை.

"அந்தப் பொண்ணு உனக்கு என்னதான் பண்ணா?" என்றார் அம்மா.

"நான் சொன்னதைக் கேட்டா."

"அதுக்கா எழுதிக் கொடுத்தே?"

"அதுக்குத்தான்மா."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். முப்பத்தோரு வருடம் ஒலிபெருக்கியில் பேசியவர் அன்றும் மறுநாளும் ஒரு வார்த்தை பேசவில்லை. மெக்கானிக் ஊட்டியதைச் சாப்பிட்டார். தண்ணீர் கொடுத்தால் குடித்தார். மகனுடைய முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

அந்த வாரம் பிசியோதெரபிஸ்ட் வந்தார். பையைத் திறந்து அட்டையை எடுத்து, கை எப்படி இருக்கிறது என்று கேட்டார். மெக்கானிக் எதிரில் நின்று பதில் சொல்ல ஆரம்பித்தார். அம்மாவின் உடல்நிலையில் பல நல்ல அம்சங்கள் தெரிவதாகவும், உறக்கம் அருமையாக இருப்பதாகவும், பசி பாராட்டும்படி இருப்பதாகவும் சொன்னார். நாலாவது வாக்கியத்துக்கு வாயைத் திறந்தபோது அம்மா திரும்பினார். வலது கை மேசைப் பக்கம் போனது. சுருண்ட விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்து பித்தளைக் காதின் மடலைப் பற்றிக்கொண்டன. தூக்கி எறிந்தார். அது மெக்கானிக்கின் தலைக்கு ஒரு சாண் தள்ளிப் போய்ச் சுவரில் மோதி, காரையைப் பெயர்த்துக்கொண்டு விழுந்தது.

பிசியோதெரபிஸ்ட் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கையைப் பார்த்தார்.

"எந்தக் கை இது? வலதா?"

மெக்கானிக் ஆமென்றார்.

"பிடிமானம் பிரமாதமா இருக்கே. தோள்கூட நல்லாச் சுத்துது," என்று அவர் அட்டையில் எழுதிக்கொண்டார். "இதையே தினமும் பண்ணுங்க. காலையில பத்து, சாயங்காலம் பத்து. யாராவது எடுத்து எடுத்துக் கொடுக்கணும்."

மெக்கானிக் குனிந்து காதை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்தார். மறுநாளிலிருந்து வேலைக்குப் போகும் முன்பும் வந்த பிறகும் எதிர்ச் சுவரோரம் போய் நின்றார். அம்மா எறிவார்; அவர் எடுத்துக் கொடுப்பார். முதல் வாரம் பத்தில் இரண்டு பட்டது. இரண்டாம் வாரம் ஐந்து. ஒதுங்க வேண்டும் என்று அவருக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

மூன்றாம் வாரத்துக்குப் பிறகு அம்மாவுக்குக் குறி தப்பவில்லை.